பல் தின்ற படிக்கட்டு

அந்தப் படிக்கட்டு அதுவரை நூற்றெண்பத்து மூன்று பற்களைத் தின்றிருந்தது.

பார்த்தால் சாதுவான படிக்கட்டுதான். லிஃப்ட் இல்லாத நான்கு மாடிக் குடியிருப்பு. முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே பதினோரு படிகள். ஏறும்போது வலப்பக்கம் இரும்புக் கைப்பிடி, இடப்பக்கம் சுவர். அதில் ஆறாவது படிதான் குற்றவாளி. சுவரோரமாக உள்ளங்கை அகலத்துக்கு விளிம்பு உடைந்திருந்தது. அந்த உடைசலை முகர்ந்து பார்ப்பவன் போல, கால் கீழேயும் தலை மேலேயுமாகக் குப்புறக் கிடந்தான் விசில்.

"உயிரோட இருக்கியா?" என்று கீழேயிருந்து கேட்டாள் ஊசி.

"இருக்கேன்க்கா. எப்படி விழுந்தா எது உடையும்னு விழுந்து பார்க்கறேன்."

"எது உடைஞ்சுது?"

"மானம். இப்பத்தான் பால் பாக்கெட்டோட ஒரு அம்மா என்னைத் தாண்டிப் போனாங்க. 'காலைலயே இந்தப் பழக்கம் ஆகாதுப்பா'ன்னு புத்தி வேற."

விசில் இருபத்தாறு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவன். வேலை போன பிறகும் விசில் கழுத்திலேயே தங்கிவிட்டது, வாயும் ஓயவில்லை. ஊசி அவனைவிட ஐந்து வயது மூத்தவள். மெலிந்த உடம்பு, நரைத்த கொண்டை, சத்தம் போடாத பேச்சு. அவள் கேள்வி குத்தும்போது வலிக்காது. வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் ரத்தம் தெரியும். இருவரும் சேர்ந்து ஓர் அச்சகத்தின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்தினார்கள். கொலை, கடத்தல் என்று பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். வருவது என்னவோ பெரும்பாலும் காப்பீட்டு அலுவலகத்தின் ஃபைல்கள்தான்.

இன்று வந்ததும் ஒரு ஃபைல். இல்லை, ஒரு ஃபைலும் அதற்குத் துணையாக ஏழு ஃபைல்களும்.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்கம் ஒரு மருத்துவக் காப்பீடு வைத்திருந்தது. குறை சொல்ல முடியாத காப்பீடு. இதயத்தைத் திறந்து மூடுவார்கள், முழங்காலை மாற்றுவார்கள், கண்ணில் புரை எடுப்பார்கள். ஆனால் புரை எடுத்த கண்ணுக்குக் கண்ணாடி கிடையாது. காதுக்குக் கருவி கிடையாது. வாய்க்குப் பல் கிடையாது. வயதானால் பல் விழுவது இயற்கை, இயற்கைக்கு அரசாங்கம் பொறுப்பல்ல என்பது அவர்கள் வாதம். விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு விதிவிலக்கு மட்டும் இருந்தது: விபத்தில் போன பல்லுக்கு உண்டு. அறுபது வருடம் மென்று தேய்ந்து விழுந்தால் உன் பாடு. ஒரு நொடியில் உடைந்தால் அரசாங்கத்தின் பாடு.

அந்தக் கடைசிப் பக்கத்தை யாரோ படித்துவிட்டார்கள். ஐந்தே மாதத்தில் இந்தக் குடியிருப்பைச் சேர்ந்த ஏழு பெரியவர்கள் இதே படியில் விழுந்து, மொத்தம் நூற்றெண்பத்தொரு பற்களை இழந்து, ஏழு பல் செட்டுகள் வாங்கியிருந்தார்கள். ஏழு மனுவும் ஒன்றுபோல இருந்தன. 'படியில் இறங்கும்போது எதிர்பாராத விதமாக நிலைகுலைந்து' என்று ஏழும் ஆரம்பித்தன. ஏழிலும் உடைந்த படியின் புகைப்படம், அதில் படியோரம் உட்கார்ந்து பின்னங்காலைத் தூக்கி நக்கிக்கொண்டிருக்கும் ஒரு சாம்பல் பூனை. பரிசீலனை அதிகாரி ஏழையும் ஏற்றுக்கொண்டார்.

எட்டாவது மனு வந்தபோதுதான் அவருக்கு மூக்கில் வியர்த்தது. அதை எழுதியவர் இரண்டாம் மாடியில் புதிதாகக் குடிவந்த அறுபத்தெட்டு வயது அம்மாள். இறங்கும்போது இல்லை, ஏறும்போது விழுந்தேன் என்று எழுதியிருந்தார். போனது இரண்டே பல். புகைப்படத்தில் பூனையும் இல்லை. 'முந்தைய மனுக்களோடு எவ்விதத்திலும் ஒத்துப்போகவில்லை. மனு ஐயத்துக்குரியது. நேரில் விசாரித்து வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அறிக்கை தருக' என்று அதிகாரி ஊசிக்கு எழுதியனுப்பினார்.

இன்று வெள்ளிக்கிழமை. மணி பதினொன்று.

*

எட்டாவது மனுதாரரின் அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, இசைக் குறிப்பு வைக்கும் கம்பித் தாங்கி ஒன்று. மேசைமேல் கறுப்புப் பெட்டி. பெட்டிக்குள் கிளாரினெட்.

"பூங்கா பாண்டுல முப்பத்தேழு வருஷம்," என்றார் அந்த அம்மாள், கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு. "ரெண்டாவது வரிசை, இடது ஓரத்து நாற்காலி. மழை பெஞ்சாக்கூட ஞாயித்துக்கிழமை அதுல நான்தான்."

"இப்ப?" என்றாள் ஊசி.

"மேல்பல்லு ரெண்டும் கிளாரினெட் முனையில உட்காரணும்மா. அது இல்லாட்டி ஊதுற காத்து எல்லாப் பக்கமும் போகும், கிளாரினெட்டைத் தவிர." கைக்குட்டைக்குப் பின்னால் சிரித்தார். கண் சிரிக்கவில்லை. "மூணு வாரமா நாற்காலி காலி. பாண்டு மாஸ்டர் நல்ல மனுஷன்தான். பல்லு கட்ட உத்தரவு வந்துடுச்சுன்னு இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணி ஒத்திகையில காகிதம் காட்டினா நாற்காலி எனக்கு. இல்லாட்டி அவரோட மருமகனுக்கு."

"மருமகன் நல்லா வாசிப்பாரா?" என்றான் விசில்.

"நல்லா உட்காருவார்."

விசிலுக்கு அந்த அம்மாளை உடனே பிடித்துப்போயிற்று.

"எப்படி விழுந்தீங்க?"

"ஒத்திகை முடிஞ்சு ஏறி வந்தேன். பெட்டி எப்பவும் வலது கையிலதான் இருக்கும், அது மாறாது. அதனால ஏறுறப்ப கைப்பிடியைப் பிடிக்க முடியாது, இடது கையால சுவரைத் தொட்டுக்கிட்டே வருவேன். சுவரோரத்துல படி உடைஞ்சிருந்தது தெரியலை. கால் தடுக்குச்சு."

"கையை ஊன்றியிருக்கலாமே?"

"ஊன்ற வேண்டிய கையில கிளாரினெட் இருந்துது. அதைத் தூக்கிப் பிடிச்சேன். மூஞ்சி போய்ப் படியில இடிச்சுது."

பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. கிளாரினெட்டைக் காப்பாற்றப் போய், அதை வாசிக்கும் பல்லைத் தொலைத்திருந்தார்.

"உடைஞ்ச பல்லு எங்க?" என்றாள் ஊசி.

"தெரியலையேம்மா. வாயெல்லாம் ரத்தம். எழுந்ததும் முதல்ல பெட்டியைத் திறந்துதான் பார்த்தேன்."

ஊசி எழுந்துகொண்டாள். "விசில், வா. ரெண்டு பல்லைத் தேடணும்."

*

படிக்கட்டில் பாதி இறங்கியதும் விசில் நின்றான்.

"அக்கா, எனக்கு அந்த ஏழு பேர் மேலதான் சந்தேகம்."

"ஏன்?"

"இருபத்தாறு வருஷம் பஸ் படியில நின்னு ஜனங்க விழறதைப் பார்த்திருக்கேன். ஏறுறவன் தடுக்கினா கும்பிடுவான். இறங்குறவன் வழுக்கினா உட்காருவான். ஏறினவனுக்கு மூஞ்சி உடையும், இறங்கினவனுக்கு உட்கார்ற இடம் உடையும். ஏதோ ஒருத்தன் மாறி விழலாம். ஏழு பேரும் இறங்கறப்ப வழுக்கி, ஏழு பேரும் வாயில அடிபட்டு, அதுலயும் ஒருத்தருக்குக்கூட முட்டி சிராய்க்கலைன்னா, அவங்க விழுந்தது படியில இல்லக்கா. பேப்பர்ல."

ஊசி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இதை ஏன் காலைலயே சொல்லலை?"

"காலைல நான் செத்துக்கிட்டிருந்தேன்ல."

"இதை எழுதினா அதிகாரி என்ன சொல்வார் தெரியுமா? கண்டக்டர் அபிப்பிராயம்னு ஓரமா வெச்சிடுவார். கையில எடுத்துக் காட்டற மாதிரி ஏதாவது வேணும்."

"பல்லு உடைஞ்சு மூணு வாரம் ஆச்சு. இந்நேரம் குப்பையோட போயிருக்கும்."

"இந்தப் படியை யார் பெருக்கறாங்க?"

பெருக்குகிறவள் கீழ்த்தளத்தில் மாப் பிழிந்துகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். இவர்கள் வருவதைப் பார்த்ததும் ஈரத் தரையைக் காட்டி, "அந்தப் பக்கமாவே நில்லுங்க," என்றாள்.

ஊசி அந்தப் பக்கமாகவே நின்றாள். "படியில ஏதாவது கிடைச்சா என்ன பண்ணுவீங்கம்மா?"

"எடுத்து வெப்பேன். கேட்டு வந்தா கொடுப்பேன். பொத்தானா இருந்தாலும் ஒருத்தரோட பொருள்தானே."

மாடிப்படிக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தாள். உள்ளே பொத்தான்கள், ஹேர்பின்கள், ஒற்றைத் தோடு, யாரும் உரிமை கொண்டாடாத நான்கு சாவிகள். அடியில் மருந்துச் சீட்டில் மடித்த ஒரு பொட்டலம். பிரித்தாள். ஒரு முழுப் பல், ஒரு அரைப் பல்.

"கிளாரினெட் அம்மா விழுந்த மறுநாள் காலைல கிடைச்சுது. எப்படிக் கொண்டு போய்க் கொடுக்கறது? 'இந்தாங்க உங்க பல்லு'ன்னு நீட்டினா நல்லாவா இருக்கும்? அதான் அவங்களே கேட்கட்டும்னு வெச்சேன்."

ஊசி முழுப் பல்லை வெளிச்சத்தில் பிடித்தாள். முனையில், கத்தியால் செதுக்கியதுபோல ஒரு சின்னப் பள்ளம். முப்பத்தேழு வருடம் ஒரே இடத்தில் கிளாரினெட் முனை உட்கார்ந்து தேய்த்த பள்ளம். வேறு யார் வாயிலும் அப்படி ஒரு பல் முளைத்திருக்க முடியாது.

"இதுக்கு முன்னாடி இந்தப் படியில பல்லு கிடைச்சிருக்கா?" என்றான் விசில்.

"மூணு வருஷமா பெருக்கறேன். இதுதான் முதல் தடவை."

"ஏழு பேர் விழுந்திருக்காங்கம்மா. நூத்தி எண்பத்தொரு பல்லு."

அவள் முகம் சிவந்தது. "அப்போ நான் சரியா பெருக்கலைங்கறீங்களா?"

"ஐயோ இல்லம்மா."

"நூத்தி எண்பத்தொரு பல்லு கிடந்தா காலை எங்க வெக்கறது? ஜல்லி கொட்டின மாதிரி இருக்காது? யாருங்க அது என் மேல புகார் கொடுத்தது?"

அவளைச் சமாதானப்படுத்தக் கால் மணி நேரம் ஆயிற்று. சமாதானமானதும் அவளே ஒன்று சொன்னாள். "பல்லு கிடையாது. சிமெண்ட் தூள்தான் ஒரு நாள் கிடந்துச்சு, ஆறு மாசத்துக்கு முன்னாடி. சுவரோரமா, யாரோ கொத்தின மாதிரி. சங்கத் தலைவர்கிட்ட சொன்னேன். 'பெருக்கிட்டு மறந்துடும்மா'ன்னுட்டார்."

ஊசியின் கண்கள் மெல்லச் சுருங்கின. விசிலுக்கு அந்தப் பார்வை தெரியும். ஊசியில் நூல் ஏறிவிட்டது.

*

குடியிருப்போர் சங்கத்தின் படிப்பறையில் மதியச் செய்தித்தாள் வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. எட்டுப் பேர். ஏழு பேர் வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறையே சின்ன மில் போலக் கடகடத்தது. எட்டாமவர் மட்டும் ரஸ்க்கை டீயில் நனைத்து, அது கரையும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். உதடுகள் உள்ளே ஒடுங்கியிருந்தன.

அவர்தான் சங்கத் தலைவர். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவர். எதைத் தட்டினாலும் கார்பன் தாள் வைத்து ஒரு நகல் எடுத்துக்கொள்வார். வேலையை விட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகாததால் ஊரே அவரைக் கார்பன் என்றுதான் கூப்பிட்டது.

"நல்ல பல்லுங்க," என்றான் விசில், கடலை கொறித்துக்கொண்டிருந்த முன்னாள் தபால்காரரிடம்.

"ஆமா தம்பி. விபத்துல போச்சு, இது புதுசு."

"எத்தனை போச்சு?"

"இருபத்தெட்டு."

"ஒரே விழுகையில? அது படியா, மாவு மில்லா?"

கடகடப்பு நின்றது. ஏழு வாய்களும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன.

ஊசி ஏழு புகைப்படங்களையும் எடுத்து, சீட்டு பரப்புவதுபோல மேசைமேல் வரிசையாக வைத்தாள். ஏழு படம். ஏழு தேதி. ஏழிலும் அந்தச் சாம்பல் பூனை, அதே இடத்தில், அதே பின்னங்காலை, அதே உயரத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தது.

முன்னாள் நர்ஸ் ஒருவர் மெதுவாகச் சொன்னார். "நான் அப்பவே சொன்னேன், பூனையைத் துரத்திட்டு எடுங்கன்னு."

"துரத்தினேன்," என்றார் கார்பன். "போகலை."

அதற்குமேல் மறைக்க ஒன்றும் இல்லை. கார்பன் ரஸ்க்கைக் கீழே வைத்தார்.

"அம்மா, எழுதினது நான். திட்டம் போட்டது நான். இவங்களை விட்டுடுங்க. இந்தத் தபால்காரர் ரெண்டு வருஷமா கஞ்சிதான். அந்த நர்ஸம்மா பேத்தி கல்யாணத்துக்கே போகலை, வாயைத் திறந்து சிரிக்க முடியாதுன்னு. நேர் வழியில போகாம இல்லை. நாலு வருஷமா துறைக்கு எழுதினேன், பல்லையும் காப்பீட்டுல சேருங்கன்னு. நாப்பத்தாறு கடிதம். நகல் எல்லாம் இருக்கு. பதில்தான் இல்லை."

"உங்க பல்லு?" என்றாள் ஊசி.

"எல்லாருக்கும் முடிச்சுட்டுக் கடைசியா எழுதிக்கலாம்னு இருந்தேன். எட்டாவது மனு என்னோடதா இருக்க வேண்டியது."

"அதுக்குள்ள அந்தம்மா நிஜமாவே விழுந்துட்டாங்க."

கார்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"சார், ஒரு கேள்வி." ஊசியின் குரல் இன்னும் இறங்கியது. "தினம் நூறு கால் கைப்பிடிப் பக்கமா ஏறி இறங்குது. அந்தப் பக்கம் படி முழுசா இருக்கு. யாருமே கால் வைக்காத சுவரோரம் எப்படி உடைஞ்சுது?"

தபால்காரரின் வாயிலிருந்த கடைசிக் கடலை எப்படிப் போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றது.

"விபத்து நடந்த இடத்தோட படம் வேணும்னு விண்ணப்பத்துல போட்டிருந்தது," என்றார் கார்பன். "நல்ல படியைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? சுத்தியல்ல துணி சுத்தி நானே தட்டினேன். யார் காலும் படாத ஓரமா பார்த்துத்தான் தட்டினேன். நாங்க எல்லாரும் கைப்பிடியைப் பிடிச்சு நடக்கறவங்க. பெட்டி தூக்கிக்கிட்டு சுவரைப் பிடிச்சு ஏற ஒருத்தங்க குடிவருவாங்கன்னு..."

பொய்யான ஏழு விபத்துக்காக உடைத்த படியில்தான் உண்மையான எட்டாவது விபத்து நடந்திருக்கிறது.

"அப்ப என் பல்லைத் தட்டினது நீங்கதானா?"

வாசலில் கிளாரினெட் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். பெருக்குகிறவள் சொல்லி, பல்லைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்.

கார்பன் எழுந்து நின்றார். "ஆமாம்மா. இப்பவே அதிகாரிகிட்ட வந்து ஒத்துக்கறேன். நாங்க பண்ணினது பொய், உங்களுது மட்டும் நிஜம்னு."

"ஒத்துக்கிட்டா?"

"ஏழு செட்டையும் திருப்பிக் கொடுக்கச் சொல்வாங்க."

தபால்காரர் அனிச்சையாக வாயைப் பொத்திக்கொண்டார். கிளாரினெட் அம்மாள் அந்த ஏழு பேரையும் வரிசையாகப் பார்த்தார். அவருடைய கைக்குட்டைக்குப் பின்னால் இருக்கும் வெட்கம் என்ன என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"மூணு வாரமா நான் சாப்பிடற விதம் எனக்குத்தான் தெரியும்," என்றார். "அதை இவங்க மறுபடியும் படணுமா? பல்லு பல்லாவே இருக்கட்டும். ஆனா தண்டனை இல்லாம விட மாட்டேன். எனக்கு நாற்காலி கிடைச்சா, ஒரு வருஷம், ஞாயித்துக்கிழமைதோறும், எட்டுப் பேரும் முன் வரிசையில உட்கார்ந்து முழுசாக் கேட்கணும்."

"கேட்கறதுக்கு என்னம்மா," என்றார் தபால்காரர். "எனக்குக் காதுதான் மந்தம். காதுக் கருவிக்கும் காப்பீடு இல்லையே."

"அதுக்கு எந்தப் படியையும் உடைக்க வேண்டாம்," என்றாள் ஊசி. எழுந்து படங்களை அடுக்கினாள். "கார்பன் சார், எனக்கு ரெண்டு விஷயம் வேணும். ஒண்ணு, இன்னும் ஒரு மணி நேரத்துல அந்தப் படி பூசியிருக்கணும். உங்க கையால. ரெண்டு, அந்த நாப்பத்தாறு நகலும்."

"எங்களைப் பத்தி என்ன எழுதப்போறீங்க?"

"என்னை அனுப்பினது எட்டாவது ஃபைலுக்கு. கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்றதில்லை. கேட்டா பொய்யும் சொல்றதில்லை."



*

மணி நாலே முக்கால். பரிசீலனை அதிகாரியின் மேசை, ஃபைல்களுக்கு நடுவே ஒரு தீவு. அதிகாரி பெரிய மீசைக்காரர். பேசும்போதெல்லாம் இடது கை மீசையைத் தடவுவதுபோல வாய்க்குமேல் போய் நின்றுவிடும்.

ஊசியின் அறிக்கை ஒன்றரைப் பக்கம். ஏறுகிறவர் முகம் குப்புற விழுவார். பெட்டி வலது கையில் இருந்ததால் மனுதாரர் சுவரோரமாக ஏறினார். பல் கிடைத்தது, கண்டெடுத்தவர் சாட்சி. பல்லில் கிளாரினெட் தடம். விபத்து உண்மை. கூடவே மருந்துச் சீட்டில் மடித்த அந்தப் பொட்டலம்.

அதிகாரி பல்லை உருட்டி உருட்டிப் பார்த்தார். பள்ளத்தை நகத்தால் தடவினார். பிறகு எட்டாவது ஃபைலைத் திறந்து, 'ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். விசில் மூச்சை விட்டான்.

விட்டது அவசரம். அதிகாரி பேனாவை மூடவில்லை.

"ஏறுறவங்கதான் குப்புற விழுவாங்கன்னு எழுதியிருக்கீங்க. அப்ப இறங்கறப்ப விழுந்த அந்த ஏழு பேர்?"

விசில் ஊசியைப் பார்த்தான். ஊசி ஜன்னலைப் பார்த்தாள்.

"கேள்வியை எழுத்துல கொடுங்க சார்," என்றாள். "பதிலும் எழுத்துல வரும். உள்ளது உள்ளபடி."

"கொடுக்கறேன்." அதிகாரி சுறுசுறுப்பாக ஒரு புதுத் தாளை எடுத்தார். எண்களைக் குறிக்க, ஊசி திருப்பித் தந்திருந்த ஏழு ஃபைல்களையும் வரிசையாகத் திறந்து பரப்பினார். முதல் ஃபைலின் எண்ணை எழுதினார். இரண்டாவது எண்ணை எழுதினார். மூன்றாவதில் பேனா நின்றது.

ஏழு படங்களிலிருந்தும் ஒரு சாம்பல் பூனை, காலைத் தூக்கியபடி, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரை. முத்திரைக்குக் கீழே அவருடைய கையெழுத்து.



"பொறுமையான பூனை சார்," என்றான் விசில். "அஞ்சு மாசமா அந்தக் காலைக் கீழ விடவே இல்லை."

அதிகாரி ஏழு ஃபைல்களையும் ஒவ்வொன்றாக மூடினார். மேலே எழுதிய தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இப்போதைக்குக் கேள்வி இல்லை," என்றார். "இது என்ன கட்டு?"

"பின்னிணைப்பு. நாப்பத்தாறு கடிதம்."

"பின்னிணைப்புன்னா மேலிடத்துக்கு அனுப்பியே ஆகணுமே. விதி."

"தெரியும் சார்."

அதிகாரி மேலாக இருந்த நகலைப் படித்தார். 'ஐயா, என் முழங்காலை மாற்றிக் கொடுத்தீர்கள். நன்றி. இப்போது எந்த விருந்துக்கும் நடந்தே போகிறேன். போன இடத்தில் எதைக் கொண்டு சாப்பிடுவது என்று தெரிவிக்கவும்.' அவருக்குச் சிரிப்பு வந்தது. கை சட்டென்று வாய்க்குப் போயிற்று. ஆனாலும் அந்த ஒரு நொடியில் விசில் பார்த்துவிட்டான். மீசைக்குக் கீழே, மேல்வரிசை முழுக்க வெற்றிடம்.

அதிகாரி கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"எனக்கு அடுத்த மாசம் அறுபது முடியுது," என்றார் தணிந்த குரலில். "அந்தப் படி... இன்னும் அப்படியேதான் இருக்கா?"

"மத்தியானமே பூசிட்டாங்க சார்," என்றாள் ஊசி.

அதிகாரி தலையாட்டினார். பிறகு கடிதக் கட்டை எடுத்து, மேலிடத்துக்குப் போகும் தட்டில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்து, 'அவசரம்' என்று சிவப்பு மையால் பெரிதாக எழுதினார்.

*

ஐந்தரைக்கு விசில் படியேறி ஓடினான். ஆறாவது படியில் ஓட முடியவில்லை. ஈரச் சிமெண்ட் பூச்சுக்கு ஒரு படி கீழே ஒரு நாற்காலியைச் சாய்வாக முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார் கார்பன். கையில் கரண்டி, வேட்டியெல்லாம் சிமெண்ட். இரண்டு படி மேலே அந்தச் சாம்பல் பூனை.

"கால் வைக்காதே. காயலை."

"நான் மாட்டேன் சார். உங்க ஃபோட்டோவுக்குக் காலைத் தூக்கினவர்கிட்ட சொல்லுங்க."

மேலே கிளாரினெட் அம்மாள் பெட்டியோடு தயாராக நின்றிருந்தார். விசில் காகிதத்தை எக்கி நீட்டினான். அவர் அதைப் படித்தார். மறுபடி படித்தார். கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, மூன்று வாரத்தில் முதல் தடவையாக வாயை மறைக்காமல் சிரித்தார். நடுவில் இரண்டு பல் இல்லாத, அகலமான சிரிப்பு.

பிறகு இடது கையால் கைப்பிடியைப் பிடித்து, வலது கையில் பெட்டியோடு, ஈரப் படியைத் தாண்டி இறங்கினார்.

"அம்மா," என்றார் கார்பன் பின்னாலிருந்து. "திரும்பி ஏறி வர்றப்ப பெட்டியைக் கை மாத்திக்கோங்க."

"முடியாது," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். "திரும்பி வர்றப்ப பெட்டியை நீங்க தூக்கிக்கிட்டு வருவீங்க. எழுந்திருங்க. ஒத்திகைக்கும் முன் வரிசை உண்டு."

கார்பன் கரண்டியைப் பார்த்தார், ஈரச் சிமெண்டைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார். பிறகு கரண்டியை விசிலின் கையில் திணித்துவிட்டு இறங்கினார்.

"அக்கா," என்று கீழே நின்ற ஊசிக்குக் குரல் கொடுத்தான் விசில், ஈரச் சிமெண்டையே பார்த்துக்கொண்டிருந்த பூனையிடமிருந்து கண்ணை எடுக்காமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே. "ஒரு பூனையைக் கைது பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"